திட்டிவாசல் வேஷம்

வாங்க, வாங்க. செருப்பைக் கழட்ட வேண்டாம், அப்படியே உள்ள வாங்க. புகழேந்தியோட அப்பாதானே? மூஞ்சியப் பாத்ததுமே தெரிஞ்சிருச்சு, அந்த நெத்தி அப்படியே இருக்கு. கலியமூர்த்தின்னு பேரு, விருத்தாசலத்துல பீங்கான் கம்பெனிச் சூளையில வேலை. சரிதானே? பையன் வந்த முத நாளே எல்லாத்தையும் விசாரிச்சு வச்சுக்கிட்டேன். நாங்க சும்மா யாரையும் சேத்துக்கிறதில்லைங்க.

உக்காருங்க. டீ சொல்லவா? வேண்டாமா? சரி. இந்த ஃபேன் கொஞ்சம் சத்தம் போடும், கண்டுக்காதீங்க.

நீங்க வருவீங்கன்னு பதினோரு நாளா எதிர்பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நானே மதுரைக்கு வந்து ஆஸ்பத்திரியில பாத்திருப்பேன். வக்கீல்தான், இப்போதைக்கு அந்தப் பக்கம் தலைவச்சும் படுத்துறாதீங்க சார்னுட்டார். அதனால வரல. மத்தபடி எனக்கு மனசு கேக்கலைங்க. ரெண்டு நாளு சோறு இறங்கல, என் வீட்டுல கேட்டுப் பாருங்க.

என்ன நடந்துச்சுன்னு சொல்லணுமா? சொல்றேன், முழுசாச் சொல்றேன். ஊருக்குள்ள ஆளுக்கொண்ணு சொல்லுவாய்ங்க, அதையெல்லாம் காதுல போட்டுக்காதீங்க. முப்பத்திரெண்டு வருஷம் பி.டி. வாத்தியாரா இருந்தவன் நான். பரமகுரு சார்னா இந்தச் சுத்துப்பட்டுல தெரியாத ஆளு கிடையாது. பொய் சொல்லிப் பழக்கமில்ல எனக்கு.

உங்களுக்கு இந்த ஊரு கதை தெரியாதுல்ல? கூவலங்கோட்டைப் போர். இருநூத்தி இருபது வருஷத்துக்கு முந்தி வெள்ளைக்காரன் பீரங்கியோட வந்து பத்தொம்பது நாளு இந்தக் கோட்டையச் சுத்தி உக்காந்திருந்தான். ஒண்ணும் புடுங்க முடியல. மன்னிச்சுக்கங்க, அந்தக் கதையப் பேசுனா எனக்கு வாய் இப்படித்தான் வரும். பத்தொம்பது நாளு நின்ன கோட்டை இருபதாம் நாளு விடியக்காலம் விழுந்துச்சு. எப்படி? பெரிய கதவுக்குப் பக்கத்துல ஒராளு குனிஞ்சு போற மாதிரி ஒரு சின்ன வாசல் இருக்கும். திட்டிவாசல்னு சொல்லுவோம். அதுக்குக் காவக்காரன் பொன்னன்னு ஒருத்தன். அந்த நாய் உள்ள இருந்து தாப்பாளை எடுத்து விட்டுட்டான். அப்புறம் என்ன, பொம்பளைன்னு பாக்கல, பிள்ளைன்னு பாக்கல, ஊரணித் தண்ணி மூணு மாசம் செவப்பாக் கிடந்துச்சாம். எங்க படைத்தலைவர் தளவாய் சிங்கமுத்து மதில் மேல நின்னு ஏழு வெட்டு வாங்கி விழுந்தார். அந்தா உங்க தலைக்கு மேல மாட்டியிருக்கு பாருங்க, அவர்தான். எங்க பாட்டனுக்குப் பாட்டனுக்குப் பாட்டன்.

அந்த நாளைத்தான் நாங்க வருஷா வருஷம் வைகாசி இருபத்தேழுல கொண்டாடுறோம். கொண்டாடுறோம்னா, அன்னைக்கு நடந்ததைத் திரும்ப நடத்திக் காட்டுவோம். கோட்டை மேட்டுல வேட்டு வெடிக்கும், பயலுக வெள்ளைக்காரச் சிப்பாய் உடுப்புப் போட்டு வருவாய்ங்க, சண்டை நடக்கும். கடைசியில பொன்னன் வேஷக்காரனைக் கையைக் கட்டி இழுத்துட்டு வந்து மேடையில நிறுத்துவோம். அவன் மைக்குல ஒரே ஒரு வசனம் சொல்லணும். "கதவைத் திறந்தது நான்தான், என்னை மன்னிக்காதீங்க." அவ்வளவுதான். உடனே சனம் அவனை அடிக்கும்.

பயந்துறாதீங்க. வைக்கோல் பிரியால அடிக்கிறது. வீட்டுக்கொரு பிரி திரிச்சு எடுத்துட்டு வருவாங்க. காஞ்ச வைக்கோல், பட்டா சுணைக்கும், அவ்வளவுதான். சின்னப் பிள்ளைகதான் முதல்ல அடிக்கும், அப்புறம் பெரியவங்க. நான் இருபது எண்ணி விசில் ஊதுவேன். ஊதுனா அத்தனை பேரும் நிப்பாட்டிருவாங்க. அடிச்ச பிரியைக் கொண்டுபோய்த் தொழுவத்துக் கூரையில சொருகுவாங்க, மாட்டுக்குச் சீக்கு வராதுன்னு. வேஷக்காரனுக்கு மஞ்சத்தண்ணி ஊத்தி, புது வேட்டி கட்டி, பந்தியில முதல் இலை அவனுக்குத்தான். எவ்வளவு மரியாதை பாருங்க.

ஆனா அந்த வேஷத்தை உள்ளூர்க்காரன் எவனும் கட்ட மாட்டான். முந்தி ஒருத்தர் கட்டுனார், டீக்கடை வீரணன். அன்னையில இருந்து அவர் வீட்டுக்குத் திட்டிவாசல் வீடுன்னே பேரு ஆயிப்போச்சு. அவர் மகளை யாரும் பொண்ணு கேட்டு வரல. கடைசியில கடையக் காலி பண்ணிட்டுத் திருப்பூருக்குப் போயிட்டாங்க. அப்புறம் மதுரையில இருந்து ஒரு நாடகக்காரரைக் கூட்டிட்டு வந்தோம். மறு வருஷம் போன் பண்ணா எடுக்கவே இல்ல.

அப்பத்தான் எனக்கு இந்த யோசனை வந்துச்சு. காலேஜ்ல இப்ப இன்டர்ன்ஷிப்புனு ஒண்ணு வச்சிருக்காங்கல்ல? முப்பது நாளு எங்கயாவது வேலை பாத்துச் சர்ட்டிபிகேட் வாங்கிட்டு வந்தாத்தான் டிகிரி. சரித்திரம் படிக்கிற பிள்ளைக எங்க போகும்? நான் எழுதிப் போட்டேன், எங்க போர் நினைவுக் கழகத்துக்கு வாங்கன்னு. வந்து குமிஞ்சிருச்சுக. வருஷத்துக்கு ரெண்டு பேரு எடுப்போம். இந்த மியூசியத்தைத் துடைக்கணும், பள்ளிக்கூடப் பிள்ளைக வந்தா சுத்திக் காட்டணும், பழைய காயிதத்தையெல்லாம் அடுக்கி வைக்கணும். கடைசி நாளு ஒருத்தன் பொன்னன் வேஷம் கட்டணும். கட்டுனாத்தான் சர்ட்டிபிகேட். வெளியூர்ப் பையன், மறுநாள் பஸ் ஏறிப் போயிருவான், அவனுக்கு என்ன பேரு கெடப்போகுது? நாலு வருஷம் ஜோரா நடந்துச்சு. ஒரு குறை வரல.

இந்த வருஷம் உங்க பையனும் ரெஜினானு ஒரு பொண்ணும். அவன் கூடப் படிக்கிற பொண்ணுதான். பையன் நல்ல பையன்தாங்க, நான் இல்லைன்னு சொல்லல. காலையில அஞ்சரைக்கு எந்திரிச்சு வாசலைக் கூட்டுவான். எங்க வீட்டுலதான் சாப்பாடு. என் சம்சாரத்தை அம்மா அம்மானுட்டுத் திரிவான். ஆனா ஒரு கெட்ட பழக்கம். படிப்பான். கண்ணுல பட்டதையெல்லாம் படிப்பான்.

அந்தா அந்த மர பீரோவுல ஒரு கட்டுக் காயிதம் கிடந்துச்சு. எனக்கு முந்தி கழகத் தலைவரா இருந்தவர் மெட்ராஸ்ல இருந்து ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்தது, வெள்ளைக்காரக் கலெக்டர் எழுதுன கடுதாசி. கையெழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்கும், இங்கிலீஷ் வேற. எவன் படிப்பான்? இவன் லென்ஸ் வாங்கி வச்சுக்கிட்டு, பதினாறு நாளு உக்காந்து, நோட்டுப் போட்டு எழுதிட்டான்.

ஒரு நாளு சாயங்காலம் வந்து நின்னான். "சார், பொன்னன் கதவைத் திறக்கல சார்"ங்கிறான். நான் சிரிச்சேன். "தாப்பாள் மேல கையை வச்சு மறிச்சு நின்னான்னு எழுதியிருக்கு சார். விரலை வெட்டித்தான் கதவைத் திறந்திருக்காங்க. மறுநாள் அவனைப் புளியமரத்துல தொங்க விட்டிருக்காங்க." சரிடா, அப்ப எவன் திறந்தான்னு கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவன் இந்தப் படத்தைப் பாத்தான். "தளவாய் ஆள் அனுப்பித் திறக்கச் சொன்னதா இருக்கு சார். அதுக்காக அவருக்கு ரெண்டு ஊரு இனாம் குடுத்திருக்காங்க."

எனக்குக் கோவம் வரல. இதை நீங்க நல்லாக் கேட்டுக்கணும், எனக்குக் கோவமே வரல. எங்களுக்கு ரெண்டு ஊரு நிலம் இருந்தது உண்மைதான். குடுத்தது வெள்ளைக்காரன்தான். எதிரியா இருந்தாலும் வீரத்தை மதிச்சுக் குடுத்தான், அந்தக் காலத்து மனுசங்க அப்படி. ஏழு வெட்டு வாங்கி எப்படிப் பிழைச்சு வாங்குனார்னு உங்க பையன் கேட்டான். வாங்குனது அவர் மகனா இருக்கும்னேன். அவன், இல்ல சார் கையெழுத்து அவருதுதான்னான். அடேய், மூணு வாரத்துக்கு முந்தி பஸ்ல வந்து இறங்குன பய நீ, எங்க வீட்டுக் கதைய எனக்குச் சொல்றியா? அந்த நோட்டைக் குடுடானு வாங்கி வச்சுக்கிட்டேன். அதைக் கேக்காதீங்க, அது இப்ப இல்ல.

அதோட விட்டானா? மறுநாள் ஆறாம் கிளாஸ் பிள்ளைக மியூசியம் பாக்க வந்துச்சுக. அதுக கிட்டப் போய், பொன்னன் நல்லவன், அவனைத் தூக்குல போட்டாங்கன்னு சொல்லியிருக்கான். பிள்ளைக வீட்டுல போய்ச் சொல்லிருச்சுக. ஊரு பூரா ஒரே பேச்சு. என் அக்கா மகன் துரைப்பாண்டி, இங்க வாலிபர் குழுத் தலைவர் அவன்தான், நேரா வந்துட்டான். "மாமா, நம்ம தளவாயைக் காட்டிக் குடுத்தவன்னு ஒரு பய சொல்லிட்டுத் திரியிறான், நீங்க சோறு போடுறீங்களாக்கும்?"னான். நான்தான் அவனை அடக்கி வச்சேன். "பொறுடா, இருபத்தேழாம் தேதி வருதுல்ல"ன்னேன். அது சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது.

உங்க பையன் எங்கிட்ட வந்து, "சார், நான் வேஷம் கட்டுறேன், அடியும் வாங்கிக்கிறேன். பொன்னன் பேரை மட்டும் சொல்லாம விட்டுருவோமே"ன்னான். எனக்கு அது முடியுமா? இருநூத்தி இருபது வருஷத்துப் பேரு. முடியாதுன்னுட்டேன். வேஷம் கட்டலைன்னா சர்ட்டிபிகேட் கிடையாதுன்னும் சொன்னேன். முகம் செத்துப்போச்சு. எங்க வீட்டுல நான்தான் சார் முதல் டிகிரினான். அப்பக் கட்டுடானு சொல்லி அனுப்பிச்சேன்.

இன்னொண்ணும் சொல்லிர்றேன், நீங்க வேற யாரு மூலமாவாவது கேட்டுட்டு என்னைத் தப்பா நினைக்கக் கூடாது. போன வருஷம் நம்ம நிகழ்ச்சிய வீடியோ எடுத்து யூடியூப்ல போட்டோம். அடிக்கிற சத்தமே கேக்கல. காஞ்ச வைக்கோல்ல என்ன சத்தம் வரும்? கமெண்டுல கேலி பண்ணாய்ங்க. அதனால இந்த வருஷம் பிரியையெல்லாம் முந்தின நாளே வாங்கி ராத்திரி பூரா தொட்டியில ஊறப் போடச் சொன்னேன். ஊறுனா கனம் ஏறும், பட்டா 'சொத்து சொத்து'ன்னு சத்தம் நல்லா வரும். சத்தத்துக்காகத்தான் சொன்னேன். அதுல சில பயலுக நுனியில முடிச்சுப் போட்டு வச்சது எனக்குத் தெரியாது.

அன்னைக்குக் காலையில பத்து மணி இருக்கும். நாலாயிரம் சனம். கையை நான்தான் கட்டுனேன், முதுகுப் பக்கமா. அது என் வேலை. நான் போட்ட முடிச்சு யாரு இழுத்தாலும் அவுராது, சாரணர் படையில கத்துக்கிட்டது. மைக்கை வாய்க்கிட்ட நீட்டுனேன். அவன் சொல்லணும்ல, கதவைத் திறந்தது நான்தான்னு? நான் மெதுவா, சொல்லுடான்னேன். அவன் நிமிந்து பாத்துட்டு, "பொன்னன் திறக்கல. தளவாய் திறந்தார்"னான். நாலாயிரம் பேருக்கும் கேட்டுச்சு. ஸ்பீக்கர் அந்த ஊரணி தாண்டிக் கட்டியிருந்தோம்.

சொல்லலாமாங்க? நாலாயிரம் பேருக்கு முன்னாடி, எங்க மேடையில, எங்க மைக்குல? எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுச்சு.

பிள்ளைக அடிக்கிறதுக்கு முந்தியே பெரியவங்க ஏறிட்டாங்க. முதல் அடி கழுத்துல விழுந்துச்சு. ஊறுன பிரி சாட்டை மாதிரி சுத்திக்கிட்டு உரிச்சு எடுத்துச்சு. நான் எண்ணிக்கிட்டிருந்தேன். எண்ணுறது எனக்குப் பழக்கம், தன்னால வரும். பத்துல உதடு கிழிஞ்சுச்சு. பதினாலுல கீழ மண்டி போட்டான். கை பின்னால கட்டியிருக்கில்ல, மூஞ்சிய மறைக்க முடியல, அப்படியே வாங்குனான். ஒரு அம்மா, அது யாருன்னு வேண்டாம், முடியப் பிடிச்சுத் தலையை நிமித்திக் குடுத்துச்சு, மத்தவங்க அடிக்க. ஒரு கண்ணு மூடிப்போச்சு. பல்லு ஒண்ணு மைக்கு பக்கத்துல வந்து விழுந்துச்சு. இருபது ஆச்சு.

விசில் என் கழுத்துலதான் இருந்துச்சு. ஊதியிருக்கலாம். ஆனா எப்படி ஊதுறது, நீங்களே சொல்லுங்க? வசனம் சொல்லி, அதுக்கப்புறம் அடி, அதுக்கப்புறம் விசில். அதுதான் முறை. இவன் வசனமே சொல்லலையே? ஊதிட்டா அவன் சொன்னதுதான் சரின்னு ஆயிராதா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த நிமிசமே நிப்பாட்டியிருப்பேன். அவன் என்னையப் பாத்தான். "சார், விசில் சார்"னான். வாயெல்லாம் ரத்தம், ஆனாலும் தெளிவாத்தான் சொன்னான். நான் குனிஞ்சு, "வசனத்தைச் சொல்லுடா முதல்ல"ன்னேன். ரெண்டு தடவை கேட்டேன். தலைய ஆட்டுறான், மாட்டேன்னு. என்ன வீம்பு பாருங்க. உங்களை மாதிரி பெத்தவங்க சின்ன வயசுலயே அதைக் கண்டிச்சிருக்கணும்.

முப்பது. முப்பத்தஞ்சு. பிரியெல்லாம் பிஞ்சுபோச்சு, வெறுங்கையால அடிச்சாய்ங்க, காலால மிதிச்சாய்ங்க. விலாவுல மிதிக்கிறப்ப உள்ள ஏதோ நொறுங்குன சத்தம் எனக்கே கேட்டுச்சு. யாரு அடிச்சது, யாரு மிதிச்சதுன்னு எவனுக்குத் தெரியும்? நாலாயிரம் பேருங்க. எவனைன்னு கை காட்டுவீங்க? நாப்பத்தொண்ணாவது அடிதான் கொஞ்சம் ஓவராப் போச்சு. துரைப்பாண்டி கையில ஈட்டிக் கம்பு இருந்துச்சு, சண்டைக் காட்சிக்கு வச்சிருந்தது, கருவேலங் கட்டை. அதைத் திருப்பி அடிப்பக்கத்தால பிடறியில ஒண்ணு போட்டான். வேணும்னு செய்யல, சின்ன வயசு, ரத்தம் சூடா இருக்கும். அவனுக்கு ஆவணியில கல்யாணம் வச்சிருக்கு. நீங்க அவன் பேரை எங்கயும் எடுக்கக் கூடாது, உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கிறேன்.

அதுக்கப்புறம் பையன் அசையல. காதுல இருந்து தண்ணி மாதிரி வந்துச்சு. அப்பவும் ஒரு அஞ்சாறு பேரு அடிச்சுக்கிட்டுத்தான் இருந்தாய்ங்க.

அப்பத்தான் அந்தப் பொண்ணு ரெஜினா மேடையில பாஞ்சு ஏறி, என் கழுத்துல கிடந்த விசிலைக் கயித்தோட பிடிச்சு இழுத்து ஊதுச்சு. என் சட்டைப் பொத்தான் ரெண்டு தெறிச்சுப் போச்சு. கழுத்துல இந்தா பாருங்க, இன்னும் தழும்பு. வாத்தியாரா இருந்த மனுசன்கிட்ட ஒரு பொம்பளைப் பிள்ளை நடந்துக்கிற முறையா இது? ஆனா விசில் சத்தம் கேட்டதும் சனம் நின்னுருச்சு. அந்தக் கட்டுப்பாடு எங்க ஊருக்கு உண்டு.

உடனே தூக்கிட்டுப் போயிருப்போம். சிறப்பு விருந்தினர் வந்திருந்தார், அவர் வண்டிக்குப் பின்னாடி நம்ம வேன் மாட்டிக்கிச்சு. அவர் பேசி முடிக்கிற வரைக்கும் டிரைவரைக் கூப்பிட முடியல. ஒரு நாப்பது நிமிசம். மேடைக்குப் பின்னாடி நிழல்ல கிடத்தி, அந்தப் பொண்ணு மடியில வச்சு விசிறிக்கிட்டுத்தான் இருந்துச்சு. கைக்கட்டை அவுக்கச் சொல்லி அழுதுச்சு. முடிச்சு இறுகிப்போச்சு, அரிவாள் கொண்டாந்து அறுத்தாங்க.

ஸ்டேஷன்ல இருந்து வந்து கேட்டாங்க. கூட்ட நெரிசல்ல மேடைப் படியில விழுந்துட்டான்னு எழுதிட்டுப் போனாங்க. ஊரே அப்படித்தான் சொன்னுச்சு. அந்தப் பொண்ணு மட்டும் வேற மாதிரி சொல்லிட்டுத் திரியுதாம். வீடியோ இருக்குங்குதாம். இருக்கட்டும். பெத்தவரு நீங்க ஒரு வார்த்தை எழுதிக் குடுத்துட்டா அது என்ன செய்யும்?

இந்தக் கடுதாசிதாங்க. வக்கீலே எழுதிக் குடுத்தது. 'என் மகன் சம்மதிச்சுத்தான் வேஷம் கட்டினான், நடந்தது விபத்து, யார் மேலயும் புகார் இல்லை.' அவ்வளவுதான், கீழ உங்க கையெழுத்து. கூடவே இதையும் வாங்கிக்கங்க. சர்ட்டிபிகேட். வசனம் சொல்லாட்டியும் பரவாயில்லைன்னு நானே முடிவு பண்ணிக் கையெழுத்துப் போட்டுட்டேன். பாருங்க, 'மிகச் சிறப்பு'ன்னு போட்டிருக்கேன். நாலு வருஷத்துல யாருக்கும் நான் அப்படிப் போட்டதில்ல. அவன் டிகிரி கெடக் கூடாதுல்ல? நானும் பிள்ளைகளைப் படிக்க வச்சவன்தான்.

பேனா இந்தாங்க. என்னங்க அப்படியே பாத்துக்கிட்டு இருக்கீங்க?

ஆமா, பையன் இப்ப எப்படி இருக்கான்? வந்ததும் கேட்டிருக்கணும், பேச்சு மும்முரத்துல விட்டுப்போச்சு. கண்ணு முழிச்சுட்டானா? ஏதாவது பேசுறானா?

என்னங்க?

எப்ப?

நேத்துச் சாயங்காலமா உசிரு போச்சு?

எனக்கு யாரும் சொல்லலையே. சத்தியமா எனக்கு ஒருத்தரும் சொல்லலைங்க. இருங்க, எந்திரிக்காதீங்க. அந்தக் கடுதாசி கிடக்கட்டும், உக்காருங்க. இந்தாங்க, கலியமூர்த்தி, எங்க போறீங்க? ஸ்டேஷனுக்கா?

ஏங்க, வாசல்லயே இதைச் சொல்லியிருக்கலாம்ல? உக்காந்ததுமே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? சொல்லியிருந்தா நான் இவ்வளவும் உங்ககிட்டச் சொல்லியிருக்கவே மாட்டேனே.